ஆலை எடைமேடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி: சீரியல் சர்வருக்கு இரண்டு கதவுகள்

மலாக்கா – செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஆலை வாசலில் எடைமேடை மீது ஏறி நிற்கிறது. கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கிராணியின் கணினித் திரையில் ஓர் எண் ஓடி ஓடி நிற்கிறது. குலையைக் கொட்டிவிட்டு அதே லோரி காலியாகத் திரும்பி வரும்போது இன்னோர் எண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தின் எடை. சிறு தோட்டக்காரருக்குக் கிடைக்கும் பணமும், டன் கணக்கில் ஓடும் லோரிக்காரரின் வாடகையும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன.

எடை பார்ப்பது தோட்டப்புறத்தில் என்றைக்குமே சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்று நட்டு, பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் தோட்டம் போட்ட காலம் முதல், பால் ஸ்டோரில் கிராணியின் தராசு முள் எங்கே நிற்கிறது என்பதை நம் பாட்டன் பாட்டிமார் கண் கொட்டாமல் பார்த்தபடி நின்றார்கள். இன்று முள் இல்லை. எண் மட்டும் திரைக்கு வருகிறது. எந்த வழியாக வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

பல இடங்களில் அது வரும் வழியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு பக்கம் ஒன்பது ஊசி கொண்ட பழைய பாணி இணைப்பு. மறுபக்கம் இணையக் கம்பி செருகும் துளை. ஆங்கிலத்தில் அதன் பெயர் சீரியல் டிவைஸ் சர்வர். தமிழ் படித்துவிட்டு நிருபராக வந்த எனக்கு முதலில் 'சீரியல்' என்றதும் தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வந்தது. பொருள் என்னவோ அதேதான்: ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வருவது. இங்கே அத்தியாயங்களுக்குப் பதிலாக மின்துடிப்புகள், அவ்வளவுதான்.

மெர்லிமாவ் பாலிடெக்னிக்கிலும் டுரியான் துங்காலில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு, பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளிலும் பராமரிப்புக் குத்தகை நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இந்தப் பெட்டியைத் தொட வேண்டியிருக்கிறது. ஆலையிலிருந்து அழைப்பு வரும்: "தம்பி, எடை திரையில வரல, வந்து பாரு." போய்ப் பார்த்தால் பெட்டி இருக்கும், அதன் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டுரை அவர்களுக்காக. கூடவே, அந்தப் பெட்டியை நம்பியிருக்கும் கிராணிக்கும் தோட்டக்காரருக்கும்.

பெட்டி எதற்கு?

எடைக்காட்டி, பம்ப் கட்டுப்பாட்டுக் கருவி, பழைய அச்சுப்பொறி, தொழிற்சாலை இயந்திரம் போன்றவை பேசும் மொழி ஆர்எஸ்-232. 1960இல் வந்த தரம் அது. அதில் ஒரு குறை: கம்பி ஏறக்குறைய 15 மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது. அதன் தம்பியான ஆர்எஸ்-485 சுமார் 1,200 மீட்டர் வரை தாங்கும். ஆனால் கணக்கு அலுவலகம், மேலாளர் அறை, தலைமையகம் என்று பல இடங்களுக்கு எண் போக வேண்டுமானால் நெட்வொர்க்கில் ஏற்றுவதுதான் சுலபம். அந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்வதுதான் இந்தப் பெட்டி. தைவானின் மொக்சா, அமெரிக்காவின் லான்ட்ரோனிக்ஸ், டிஜி ஆகியவை இதில் பழைய பெயர்கள்.

பெட்டிக்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. அமைப்புகளை மாற்ற வேண்டுமானால் கணினி வழியாக உள்ளே போக வேண்டும்.

உள்ளே போவது

மொக்சாவின் என்போர்ட் 5100 வகையை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் ஐபி முகவரி 192.168.127.254. உங்கள் மடிக்கணினி வேறு முகவரி வரிசையில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மடிக்கணினிக்குத் தற்காலிகமாக 192.168.127.10 என்று ஒரு முகவரியும், 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கும் கொடுத்து, பெட்டியோடு நேராகக் கம்பியால் இணையுங்கள். உலாவியில் பெட்டியின் முகவரியைத் தட்டினால் உள்நுழைவுப் பக்கம் வரும். முன்பே யாரோ முகவரியை மாற்றியிருந்தால், நிறுவனம் இலவசமாகத் தரும் தேடல் மென்பொருள் அதே கம்பி வலையில் உள்ள பெட்டிகளைத் தேடிக் காட்டும்.

பழைய மென்பொருள் ஓடும் பெட்டிகள் கடவுச்சொல்லே கேட்காமல் திறந்துவிடும். பிறகு வந்தவற்றில் பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல் 'மொக்சா', இரண்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். இதை எழுதுவதில் இரகசியம் எதுவும் உடையவில்லை, கையேட்டிலேயே அச்சாகியிருக்கிறது. ஆபத்தும் அதுவேதான்.

உலாவி ஒத்துழைக்காவிட்டால் டெல்நெட் வழி இருக்கிறது. விண்டோஸில் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இயக்க வேண்டும், அல்லது புட்டி என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். நெட்வொர்க்கே வேலை செய்யாத நேரத்துக்கு மூன்றாவது வழி சீரியல் கம்பிதான். மடிக்கணினியில் 19200 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று வைத்து, விசைப்பலகையில் எண் 1க்கு இடப்புறம் இருக்கும் சாய்ந்த மேற்கோள் விசையை அழுத்திப் பிடித்தபடியே பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் அமைப்புப் பட்டியல் திறக்கும்.

லான்ட்ரோனிக்ஸின் பழைய பெட்டிகளில் டெல்நெட் வழக்கமான 23இல் இல்லை, 9999ஆம் போர்ட்டில் இருக்கும். இணைந்த சில விநாடிகளுக்குள் என்டர் தட்ட வேண்டும், தாமதித்தால் துண்டித்துவிடும். அவற்றின் சாதாரண டெல்நெட் கடவுச்சொல்லுக்கு இடம் 4 எழுத்துதான். நீளமான கடவுச்சொல் வேண்டுமானால் அதற்கென்று உள்ள அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும். டிஜியின் பழைய பெட்டிகளில் 'ரூட்' என்ற பெயரும் 'டிபிபிஎஸ்' என்ற நான்கெழுத்துக் கடவுச்சொல்லும் எல்லாவற்றுக்கும் பொது. பின்னாளில் அந்த நிறுவனம் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல் வைத்து, அடியில் ஒட்டிய தாளில் அச்சிடத் தொடங்கியது. கலிபோர்னியா மாநிலம் 1 ஜனவரி 2020 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: இணையத்தில் இணையும் கருவிக்குத் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும், அல்லது முதல் முறை நுழையும்போதே மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டும். ஆனால் ஆலைச் சுவரில் பத்துப் பதினைந்து வருடமாகத் தூசி படிந்து தொங்கும் பெட்டிக்கு அந்தச் சட்டம் எட்டுமா?

உள்ளே போனதும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. பெரும்பாலோர் இதைச் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இரண்டாவது கதவு

இதுவரை சொன்னது அமைப்புகளை மாற்றும் கதவு. எடை எண் ஓடும் கதவு வேறு. மொக்சாவில் டிசிபி சர்வர் முறையில் அது வழக்கமாக 4001, லான்ட்ரோனிக்ஸில் 10001. இந்த எளிய வகைப் பெட்டிகளில் அந்தக் கதவு கடவுச்சொல் கேட்பதில்லை. முதல் கதவுக்கு எவ்வளவு கெட்டியான பூட்டுப் போட்டாலும் இது திறந்தேதான் இருக்கும். அதே நெட்வொர்க்கில் இருக்கும் எந்தக் கணினியும் 4001இல் தட்டினால் எடைக்காட்டி பேசுவதைக் கேட்கலாம்.

கேட்பது மட்டும் என்றால் பரவாயில்லை என்பீர்கள். இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, இடத்தைப் பிடித்துக்கொள்வது. என்போர்ட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இணையலாம் என்பதற்கு இயல்பான அளவு 1. வேறு யாரோ, ஏன், வேலை முடிந்தும் சன்னலை மூடாமல் போன பராமரிப்புக்காரரே இணைந்திருந்தால், கிராணியின் கணினிக்கு இடமில்லை, எடை வராது. மறுமுனை கணினி திடீரென்று அணைந்து போனால், இணைப்பு செத்துவிட்டது என்று பெட்டி தெரிந்துகொள்ள இயல்பாக 7 நிமிடம் எடுக்கும். வரிசையில் லோரி நிற்கும்போது 7 நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று எந்த லோரிக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

இரண்டாவது இன்னும் கனமானது. சீரியல் கம்பி இரு வழிப் பாதை. பல எடைக்காட்டிகள் எண்ணை அனுப்புவதோடு நிற்காமல் கட்டளையும் வாங்கிக்கொள்ளும். ஓரெழுத்துக் கட்டளையில் காட்டியைச் சுழியமாக்கலாம், அல்லது இருக்கும் எடையைக் காலி எடையாகக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அந்தக் கட்டளை கிராணியிடமிருந்து வந்ததா, நெட்வொர்க்கில் வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று எடைக்காட்டிக்குத் தெரியாது. 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தின்படி எடைமேடை சோதிக்கப்பட்டு முத்திரை பெறுகிறது. முத்திரை எடைக்கருவி சரியாக நிறுக்கிறதா என்பதற்குச் சாட்சி. பக்கத்துச் சுவரில் உள்ள பெட்டியின் 4001ஆம் கதவை அது காக்காது.

இதற்கு மருந்து பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் 'அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியல்' என்ற பொருளில் ஒரு பகுதி உண்டு. கிராணியின் கணினி முகவரியையும் பராமரிப்புக் கணினி முகவரியையும் மட்டும் அதில் எழுதி இயக்கிவிட்டால் மற்றவர்களுக்கு இரண்டு கதவும் திறக்காது. சேமிக்கும் முன் உங்கள் சொந்த முகவரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். சிரித்துக்கொண்டு சொல்கிறேன், நடக்காத விஷயமில்லை. முகவரியைப் போலியாகப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவரை இது தடுக்காது என்பதால், பெட்டியை அலுவலக வைஃபையோடு கலக்காமல் தனி நெட்வொர்க்கில் வைப்பது இன்னும் நல்லது. தேவைப்படாத டெல்நெட்டை அணைத்துவிடலாம். அதில் போகும் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே கம்பியில் ஓடுகிறது.

வெளியே வராமலே போனவர்

பெட்டிக்குப் பின்னால் இருப்பது எடைக்காட்டி அல்லாமல் ரூட்டர், லினக்ஸ் கணினி, கட்டுப்பாட்டுக் கருவி என்றால் இன்னொரு சிக்கல். அந்தக் கருவிக்கென்று தனியாகப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். பராமரிப்புக்காரர் பெட்டி வழியாக இணைந்து, கருவிக்குள் நுழைந்து, வேலையை முடித்து, சன்னலை மூடிவிட்டுப் போய்விடுகிறார். நெட்வொர்க் இணைப்பு அறுந்தது உண்மை. ஆனால் பெட்டிக்கும் கருவிக்கும் இடையில் உள்ள சீரியல் கம்பி அறவில்லை. ஆள் போய்விட்டார் என்று கருவிக்கு யார் சொல்வது? அது திறந்தபடியே காத்திருக்கிறது. அடுத்து யார் இணைந்தாலும் கடவுச்சொல் கேட்காமல், முன்னவர் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

ஏட்டில் மட்டும் உள்ள ஆபத்தல்ல இது. ஏப்ரல் 2013இல் ரேபிட்7 என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் எச்.டி. மூர் இணையம் முழுவதும் தேடி வெளியிட்ட முடிவில், 1,14,000க்கும் அதிகமான சீரியல் சர்வர்கள் பொது இணையத்தில் தெரியும்படி இருந்தன. பெரும்பகுதி கைப்பேசி வலை வழியாக இணைந்தவை. அவற்றின் வழியே 13,000க்கும் மேற்பட்ட இடங்களில் கருவிகளின் உட்பகுதிக்கே போக முடிந்தது; ஒன்று கடவுச்சொல்லே இல்லை, அல்லது முன்பே யாரோ நுழைந்து திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆகவே சன்னலை மூடுவதற்கு முன் கருவிக்குள் 'லாக்அவுட்' கட்டளை கொடுங்கள். கருவியில் 'இத்தனை நிமிடம் சும்மா இருந்தால் வெளியேற்று' என்ற வசதி இருந்தால் அதையும் இயக்கி வையுங்கள்.

இந்தப் பெட்டிகளை ஆயுதமாக்கியவர்களும் உண்டு. 23 டிசம்பர் 2015 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களுக்குள் ஊடுருவியவர்கள் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு விடாமல், துணை மின்நிலையங்களில் இருந்த சீரியல் சர்வர்களின் உள்மென்பொருளையும் கெடுத்து வைத்தார்கள். தலைமையகத்திலிருந்து சுவிட்சைத் திரும்பப் போட வழியில்லை. ஊழியர்கள் நிலையம் நிலையமாக நேரில் போய்க் கையால் இயக்கி மின்சாரத்தை மீட்டார்கள்.

ரீசெட் பொத்தானுக்கு முன்

கடவுச்சொல் தெரியவில்லை என்றால் பெட்டியில் ஒரு சிறு துளை இருக்கும். கூர்மையான குச்சியால் 5 விநாடி அழுத்திப் பிடித்தால் பெட்டி பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். சுலபமான வேலை. அதனால்தான் இத்தனை தொல்லை.

என் சித்தப்பா ஓர் ஆலையில் எடைமேடைக் கிராணியாக இருந்தவர். அங்கே பெட்டியைப் பொருத்திய குத்தகை நிறுவனம் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டது, கடவுச்சொல்லையும் கூடவே கொண்டுபோய்விட்டது. ஒரு நாள் காலையில் எடை வரவில்லை. அவசரத்துக்கு வந்த இளைஞர் ஒருவர் துளையில் குச்சியை விட்டார். கடவுச்சொல் பிரச்சினை தீர்ந்தது. மற்ற எல்லாப் பிரச்சினையும் ஆரம்பித்தது. முகவரி போயிற்று. எடைக்காட்டி 9600 வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது. பெட்டியோ தன் இயல்பான 115200க்குப் போய்விட்டது. திரையில் எடைக்குப் பதில் புரியாத குறிகள். பழைய எண்களை யாரும் எழுதி வைக்கவில்லை. சித்தப்பா எடைக்காட்டியின் முகப்பைப் பார்த்துப் பார்த்து, பென்சிலால் நோட்டில் எழுதி, பிற்பகல் வரை ஒப்பேற்றினார். வெளியே லோரிகள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் வேக வைக்கப்படாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறித் தரம் குறைகிறது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததால், கெட்ட வார்த்தைகளுக்கும் பஞ்சமில்லை.

குச்சியை எடுப்பதற்கு முன் எடைக்காட்டியின் அமைப்புப் பட்டியலைத் திறந்து வேகம், பிட், பாரிட்டி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிராணியின் கணினியில் எடை மென்பொருள் எந்த முகவரியை, எந்த போர்ட்டைத் தேடுகிறது என்பதையும் பார்த்து எழுத வேண்டும். இந்த நான்கைந்து எண்கள் கையில் இருந்தால் ரீசெட் செய்த பெட்டியைப் பத்து நிமிடத்தில் எழுப்பிவிடலாம். முடிந்ததும் அமைப்பைக் கோப்பாக ஏற்றுமதி செய்து அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

நம் பிள்ளைகள் இதில் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட கவலை. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி, அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவதற்கே 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பெட்டியில் கடவுச்சொல் இல்லை, சும்மா திறந்தது என்பதை அனுமதியாக எண்ணிவிடக் கூடாது. 6ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது: கடவுச்சொல்லை அதற்கு உரிமை இல்லாதவரிடம் கொடுப்பதே குற்றம், 25,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆலைப் பெட்டியின் கடவுச்சொல்லைப் போட்டு உதவி கேட்பவர்கள் இதை ஒரு முறை படிக்கட்டும்.

26 ஆகஸ்டு 2024 முதல் நடப்பில் உள்ள இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024, நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்பாக 11 துறைகளை வகுத்திருக்கிறது. நீர், எரிசக்தியோடு விவசாயமும் தோட்டத் தொழிலும் அதில் ஒன்று. அதற்காக எல்லா ஆலையும் அதற்குள் வந்துவிடாது; முக்கிய நிறுவனம் என்று நியமிக்கப்பட்டவை மட்டுமே. அவை, பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் முதல் தகவலைத் தர வேண்டும். ஊடுருவல் சோதனையைச் சேவையாகச் செய்பவருக்கு உரிமமும் தேவை. ஆகவே, 'ஓட்டை இருக்கிறதா என்று சோதித்துத் தருகிறேன்' என்று கூலிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் யோசியுங்கள். பழுது பார்க்கப் போகும்போது எந்தப் பெட்டி, எந்த நாள், என்ன வேலை என்று எழுத்தில் ஓர் உத்தரவு வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளரிடமிருந்து வரும் ஒரு வரி மின்னஞ்சல் கையில் இருப்பதும் நல்லது.

வேலை முடிந்து ஆலையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. பட்டியலில் இல்லாத இன்னொரு மடிக்கணினியை அதே நெட்வொர்க்கில் செருகி, பெட்டியின் உள்நுழைவுப் பக்கத்தையும் 4001ஐயும் தட்டிப் பாருங்கள். இரண்டும் திறக்கக் கூடாது. பிறகு கிராணியிடம் சொல்லி ஒரு லோரியை மேடையில் ஏற்றி, எடைக்காட்டியின் முகப்பில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பெட்டியின் புதிய கடவுச்சொல்லை உறையில் போட்டு ஒட்டி, வெளியே தேதி எழுதி, அலுவலகப் பெட்டகத்தில் வைக்கச் சொல்லி, வாங்கியவரிடம் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள்.